டி.எம்.எஸ். யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது: முன்னாலேயே சொல்லும் டெஸ்ட் ஏதாவது உண்டா?

கரையோரம்

என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். டிப்ரஷன் பல வருடமாக இருக்கிறது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று, அளவைக் கூட்டிப் பார்த்தாயிற்று, எதுவும் முழுசாகக் கேட்கவில்லை. இப்போது அவருடைய மருத்துவர் டி.எம்.எஸ்., அதாவது தலைமேல் கருவி வைத்துக் காந்தத் தட்டுகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை, செய்து பார்க்கலாம் என்கிறார். விசாரித்த இடங்களில் ஒன்றில், முதலில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம், இவருக்குக் கேட்குமா கேட்காதா என்று அதுவே சொல்லிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். இன்னொரு இடத்தில் அதெல்லாம் எதற்கு, நேராக ஆரம்பித்துவிடலாம் என்றார்கள்.

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை போய்வர வேண்டுமாம். அண்ணன் இருக்கிற நிலையில் குளிக்கவே மனம் வருவதில்லை. கேட்காது என்று முன்னாலேயே தெரிந்தால் அவரை அலைக்கழிக்க வேண்டாமே என்றுதான் கேட்கிறேன். பதற்றமும் தூக்கமின்மையும் அதிகம், இரவில் குளோனசிபாம் போடுகிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்புரட்டி

இல்லை. ஒரு தனி ஆளைப் பார்த்து உங்களுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது என்று அடித்துச் சொல்லும் பரிசோதனை இன்றைய தேதியில் எதுவும் கிடையாது. ஈ.ஈ.ஜி.யும் இல்லை, எம்.ஆர்.ஐ.யும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது, நிறையவே நடக்கிறது. ஆனால் ஆராய்ச்சியில் இரண்டு கூட்டங்களின் சராசரிக்கு நடுவே ஒரு வித்தியாசம் தெரிவதற்கும், உங்கள் அண்ணன் ஒருவரைப் பற்றி முடிவெடுப்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

ஈ.ஈ.ஜி. விஷயத்துக்கே வருகிறேன். மனச்சோர்வுச் சிகிச்சை கேட்குமா என்று ஈ.ஈ.ஜி.யை வைத்துக் கணித்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசி 2019-இல் ஒரு கட்டுரை வந்தது. மருந்து, டி.எம்.எஸ். எல்லாம் கலந்த கணக்கு. கேட்கப்போகிறவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடித்தது, கேட்காதவர்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரைச் சரியாக ஒதுக்கியது. அதிலும், நல்ல முடிவு வந்த சிறிய ஆய்வுகள் மட்டும் அச்சேறிய வாடை அடிக்கிறது, சிகிச்சை அறையில் பயன்படுத்தும் தகுதி இன்னும் இல்லை என்றுதான் அவர்களே முடித்திருக்கிறார்கள்.

சரி, அந்த எண்களை அப்படியே நம்புவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் வருகிறார்கள், டி.எம்.எஸ். செய்தால் அவர்களில் ஐம்பது பேருக்குக் கேட்கும் என்று கொள்வோம். அந்த ஐம்பதில் 36 பேருக்கு டெஸ்ட் 'கேட்கும்' என்று சொல்லும், 14 பேருக்குக் 'கேட்காது' என்று தப்பாகச் சொல்லும். கேட்காத ஐம்பது பேரில் 34 பேருக்குக் 'கேட்காது' என்று சரியாகச் சொல்லும். ஆக 'கேட்காது' என்ற காகிதத்தோடு வீட்டுக்குப் போவது 48 பேர், அதில் 14 பேர் நன்றாக ஆகியிருக்க வேண்டியவர்கள். அதாவது பத்தில் மூன்று பேர்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'கேட்காது' என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? இன்னொரு மாத்திரைக்குப் போவீர்கள். நெதர்லாந்தில் 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேருக்கு நேர் பார்த்தது. இரண்டு மருந்தாவது தோற்றுப்போனவர்களில் பாதிப் பேருக்கு டி.எம்.எஸ்., மீதிப் பேருக்கு வேறு மருந்துக்கு மாற்றம். டி.எம்.எஸ். பக்கம் 37.5 விழுக்காட்டினருக்கு நல்ல பலன், மருந்து மாற்றிய பக்கம் 14.6 விழுக்காடு. அந்த டெஸ்ட் தள்ளிவிட்ட கூட்டத்தில்கூட, மேலே போட்ட உத்தேசக் கணக்குப்படி, பத்தில் மூன்று பேருக்குக் கேட்கிறது. மாத்திரை மாற்றினால் ஏழில் ஒருவருக்குத்தான். 'கேட்காது' என்ற பதிலை வைத்து நீங்கள் டி.எம்.எஸ்ஸைக் கைவிட வேண்டுமானால் அந்த டெஸ்ட் இதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும். 'கேட்கும்' என்று வந்தாலும் செய்யத்தான் போகிறீர்கள். இரண்டு பதிலுக்கும் ஒரே முடிவு என்றால் அந்தத் தனிக் கட்டணம் எதற்கு?

சும்மா ஒரு ஆள்

டிப்ரஷனில் நான்கு வகை இருக்கிறது, ஸ்கேனில் பிரித்துவிடலாம், அதில் ஒரு வகைக்கு டி.எம்.எஸ். பிரமாதமாகக் கேட்கும் என்று செய்தியில் படித்தேனே? அது என்ன ஆயிற்று?

தாள்புரட்டி

அது 2017-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. கானர் லிஸ்டன் குழு, நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி. 1,188 பேருடைய எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை இயங்குவதைக் காட்டும் ஸ்கேன்) படங்களை வைத்து, மூளையின் எந்தப் பகுதி எதனோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று பார்த்து, நோயாளிகளை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் டி.எம்.எஸ். எடுத்தவர்களில் 82.5 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம், இரண்டாம் பிரிவில் 25 விழுக்காடு. பார்த்தவுடன் எல்லோரும் துள்ளிக் குதித்தோம், நானும்தான்.

2019-இல் நெதர்லாந்தில் ரிச்சர்ட் டிங்கா என்பவரும் கூட்டாளிகளும் அதே முறையை வேறு நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். முறை அப்படியே ஓடியது, பிரிவுகளும் வந்தன. ஆனால் பிரிவே இல்லாத தரவைப் போட்டாலும் அந்த முறை இப்படி ஏதோ சில பிரிவுகளைக் காட்டத்தான் செய்யும் என்பது தெரிந்தது. ஒரு மூளைப் படத்தில் ஆயிரக்கணக்கான இணைப்புகளை அளக்கலாம், ஆள்களோ சில நூறு பேர்தான். அத்தனை இணைப்புகளில் தேடினால் யாருக்கும் எதற்கும் ஒரு பொருத்தம் அகப்படும். அதே குவியலில் தேர்ந்தெடுத்து அதே குவியலில் சோதித்தால் எண் ஜொலிக்கும், புது ஆள்களிடம் கொண்டுபோனால் சாயம் வெளுத்துவிடும்.

நான்கு வகை என்பது பொய் என்று சொல்லவில்லை. டிப்ரஷன் என்ற ஒரு பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதைப் பிரிக்கும் கத்தி இன்னும் கூர்மையாகவில்லை, அவ்வளவுதான்.

காயில்பிடி

நான் டி.எம்.எஸ். மெஷின் ஓட்டுகிறவன், டெக்னீஷியன். படிப்பாளிகள் ஸ்கேனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் நாற்காலிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதல் நாள் வந்ததும் செய்வது மோட்டார் த்ரெஷோல்டு. தலையில் கையை அசைக்கும் பகுதிக்கு மேலே காயிலை, அதாவது காந்தத் தட்டு தரும் கம்பிச்சுருளை, வைத்து ஒவ்வொரு தட்டாகத் தட்டுவோம். எதிர்க்கையின் கட்டைவிரல் லேசாகத் துடிக்கும். காயிலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் துடிப்பு சுண்டுவிரலுக்குப் போகும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஒன்றுமே இருக்காது. பத்துத் தட்டில் ஐந்து தடவையாவது துடிக்கிற ஆகக் குறைந்த விசைதான் அந்த ஆளுடைய அளவு. சிகிச்சைக்கு வழக்கமாக அதில் 120 விழுக்காடு வைப்போம். இந்த அளவைத் தப்பாக எடுத்தால் வாரக்கணக்கில் எல்லாமே தப்பு.

அப்புறம் இடம். பழைய முறையில் கை அசைந்த இடத்திலிருந்து 5 சென்டிமீட்டர் முன்னால் வை என்பார்கள். பெரிய தலை, சின்னத் தலை எல்லாவற்றுக்கும் அதே 5 சென்டிமீட்டர். பல பேருக்கு அது வேண்டிய இடத்துக்குப் பின்னாலேயே போய் நிற்கும். இப்போது தலைச் சுற்றளவு, மூக்குத்தண்டிலிருந்து பின்மண்டை மேடு வரை, காதுக்குக் காது என்று டேப்பில் அளந்து எஃப்3 புள்ளியை, அதாவது இடது நெற்றிப்பக்கம் தட்ட வேண்டிய இடத்தை, கணக்குப் போடுகிறோம். எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்தப் படத்தைப் பார்த்துக் காயிலுக்கு வழிகாட்டும் நேவிகேஷன் வைத்துச் செய்கிற இடங்களும் உண்டு.

நான் பார்த்தவரை பெரிய வில்லன் ஸ்கேன் இல்லாதது இல்லை, ஆள் நாற்காலியில் சரிவதுதான். பழைய முறையில் 37 நிமிடம் உட்கார வேண்டும். பாதியில் கண் சொருகும், உடம்பு கீழே வழுக்கும், காயில் அங்கேயே இருக்கும், தலை நகர்ந்துவிடும். பக்கத்தில் நின்று பார்க்காமல் டெக்னீஷியன் போனில் மூழ்கியிருந்தால் பாதித் தட்டு வேறெங்கோ விழும். அப்படிப்பட்டவரையும் பிறகு 'டி.எம்.எஸ். கேட்காதவர்' பட்டியலில்தான் சேர்ப்பார்கள்.

இரண்டாம் ஆட்டம்

எனக்குக் கேட்கவில்லை. முழு கோர்ஸ் முடித்தேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை. தலைத்தோலில் சுள் சுள்ளென்று வலிக்கும், அதெல்லாம் பழகிவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் மூன்றாவது வாரமே சிரித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்க்கப் பார்க்க, நம் மூளையே கோளாறு போல என்று தோன்றியதுதான் எல்லாவற்றையும் விட மோசம். இத்தனைக்கும் நான் தினமும் ராத்திரி லோராசிபாம் போட்டுக்கொண்டிருந்தேன், அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரையோரம், உங்கள் அண்ணன் குளோனசிபாம் எடுக்கிறார் என்றதால் சொல்கிறேன். மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

கேட்காமல் போனால் என்ன என்பதையும் ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரும் பேசவில்லை. கடைசி சிட்டிங் முடிந்து வெளியே வந்தபோது எல்லாக் கதவும் சாத்திவிட்ட மாதிரி இருந்தது. பிறகு வேறு சிகிச்சையில் ஓரளவு எழுந்து நிற்கிறேன்.

மனநலப் பயிற்சி

மனநல மருத்துவத்தில் மேற்படிப்பில் இருக்கிறேன். இரண்டாம் ஆட்டம் சொன்னது முக்கியமான விஷயம். குளோனசிபாம், லோராசிபாம் போன்ற பென்சோடயசிபைன் மருந்துகள் எடுப்பவர்களுக்கு டி.எம்.எஸ். பலன் குறைவாக இருப்பதாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளில் வந்திருக்கிறது. அந்த மருந்து மூளையின் கிளர்ச்சியை அடக்குகிறது, நாம் செய்வது கிளர்ச்சியைத் தூண்டுவது, அதனால் முட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பென்சோ யார் எடுக்கிறார்கள்? பதற்றம் அதிகம் உள்ளவர்கள், தூக்கம் கெட்டவர்கள், நோய் நாள்பட்டவர்கள். அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் கேட்கும். குற்றவாளி மாத்திரையா, மாத்திரை எடுக்க வைத்த நோயா என்று இந்த ஆய்வுகளால் முழுசாகப் பிரிக்க முடியவில்லை. தயவுசெய்து யாரும் இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டி.எம்.எஸ். நேரத்தில் அது இரட்டை ஆபத்து. குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான்.

இதே குழப்பம் மற்ற அடையாளங்களிலும் உண்டு. தோற்ற மருந்துகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால், இந்தத் தடவை படுத்த காலம் குறுகியதாக இருந்தால், வேலையில் இருந்தால் பலன் கூடுதல் என்கிறார்கள். சரிதான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையும் நன்றாகக் கேட்கும், பேச்சு சிகிச்சையும் கேட்கும், சில சமயம் சும்மா விட்டால்கூடத் தேறுவார்கள். யார் தேறுவார்கள் என்பது ஒரு கேள்வி. டி.எம்.எஸ்ஸால் யாருக்கு மற்றதைவிடக் கூடுதல் ஆதாயம் என்பது வேறு கேள்வி. கரையோரத்துக்கு வேண்டியது இரண்டாவது. ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பதில் சொல்வது முதலாவதுக்கு. போலிச் சிகிச்சை (நிஜத் தூண்டல் இல்லாமல் செய்வது போலக் காட்டுவது) பெற்ற கூட்டத்தை ஒப்பிடாமல் இரண்டாவது கேள்வியைத் தொடவே முடியாது.

2018-இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 164 பேரிடம் நடந்த ஆய்வு இதற்கு நல்ல பாடம். நிஜ டி.எம்.எஸ். பெற்றவர்களில் 41 விழுக்காட்டினர் நோய் அறிகுறி கிட்டத்தட்ட நீங்கும் நிலைக்கு, அதாவது ரெமிஷனுக்கு வந்தார்கள். ஆஹா என்று சொல்வதற்குள், போலிக் காயில் வைத்தவர்களில் 37 விழுக்காட்டினரும் வந்துவிட்டார்கள். தினமும் கிளம்பி வருவது, ஒருவர் பெயர் சொல்லி விசாரிப்பது, ஒழுங்கான மணி நேரம், இதெல்லாமும் சிகிச்சைதான். அதற்காக டி.எம்.எஸ். வெறும் நம்பிக்கை என்று சொல்ல வரவில்லை. 2010-இல் மார்க் ஜார்ஜ் குழு வெளியிட்ட ஆய்வில் நிஜக் காயிலுக்கு 14 விழுக்காடு ரெமிஷன், போலிக்கு 5 விழுக்காடு. வித்தியாசம் நிஜம். ஆனால் பிரித்துக் காட்டப் போலிக் கூட்டம் வேண்டும்.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். முதுமையில் மூளை கொஞ்சம் சுருங்கி மண்டையோட்டுக்கும் அதற்கும் இடைவெளி கூடும், காந்தப்புலம் தூரம் போகப் போகச் சட்டென்று வலுவிழக்கும் என்பதால் வயதானவர்களுக்குக் கேட்காது என்று முன்பு சொல்வார்கள். அந்தக் காலத்தில் கொடுத்த விசையும் குறைவு, தட்டுகளின் எண்ணிக்கையும் குறைவு. இப்போது அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. உங்கள் அண்ணன் வயதெல்லாம் ஒரு தடையே இல்லை.

டி.எம்.எஸ்ஸுக்குக் காத்திருக்கவே கூடாதவர்கள் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு தண்ணீர் இறங்காதவர்கள், குரல் கேட்பது, இல்லாததை நம்புவது போன்றவை டிப்ரஷனோடு சேர்ந்து வந்தவர்கள், தற்கொலை எண்ணம் முற்றியவர்கள். இவர்களுக்கு ஈ.சி.டி. என்ற மின் அதிர்ச்சிச் சிகிச்சைதான் கெட்டியான வழி. வாரக்கணக்கில் பொறுத்துப் பார்க்கும் நிலையில் அவர்கள் இல்லை. தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவி போன்றவை இருந்தால் டி.எம்.எஸ்ஸே கிடையாது.

சும்மா ஒரு ஆள்

அப்போ அந்த ஸ்டான்ஃபோர்டு முறை? ஐந்தே நாளில் 90 விழுக்காடு குணம் என்றார்களே. அதில் ஸ்கேன் பார்த்துத்தானே இடத்தைப் பிடிக்கிறார்கள்? ஸ்கேனால் பிரயோஜனம் இல்லை என்றால் அது எப்படி?

தாள்புரட்டி

நல்ல கேள்வி. இதில் யாருக்குச் செய்வது, எங்கே செய்வது என்று இரண்டு விஷயம் பின்னிக் கிடக்கிறது.

மூளையின் நடுவில் ஆழத்தில், நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபெர்க் டிப்ரஷனில் பிரபலப்படுத்திய சப்ஜெனுவல் சிங்குலேட் என்ற பகுதி இருக்கிறது. டி.எம்.எஸ். அங்கே எட்டாது, மேலோட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரைதான். ஆனால் நெற்றிப்பக்க மேலோட்டில் சில புள்ளிகள் இந்த ஆழப் பகுதியோடு எதிரும் புதிருமாக ஓடுகின்றன, ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். மைக்கேல் ஃபாக்ஸ் குழு 2012-இல், எங்கே தட்டியபோது பலன் கூடுதலாக வந்தது என்று பார்த்தபோது, இந்த எதிர் ஓட்டம் பலமாக உள்ள புள்ளிகளில்தான் என்று காட்டியது. அந்தப் புள்ளி ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆகவே ஸ்கேன் எடுத்து அவரவர் புள்ளியைக் கண்டுபிடித்துத் தட்டலாம் என்ற யோசனை வந்தது.

ஸ்டான்ஃபோர்டில் நோலன் வில்லியம்ஸ் குழு அதைச் செய்தது. ஒரு நாளைக்கு 10 தடவை, தடவைக்கு 1,800 தட்டு, ஐந்து நாள், மொத்தம் 90,000 தட்டு. 2020-இல் 21 பேரில் 19 பேருக்கு ரெமிஷன். நீங்கள் கேட்ட 90 அதுதான். போலிக் கூட்டம் இல்லாத ஆய்வு. பிறகு 2022-இல் போலியோடு ஒப்பிட்டு 29 பேரிடம் செய்தார்கள், நான்கு வாரம் கழித்து நிஜக் கூட்டத்தில் நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் சராசரியாக 52.5 விழுக்காடு இறங்கியிருந்தது, போலியில் 11.1. அருமையான முடிவு, மறுக்கவில்லை. அதே வருடம் அமெரிக்காவில் மருந்து, கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தப் பலனுக்குக் காரணம் ஸ்கேனா, 90,000 தட்டா, ஐந்து நாளில் நெருக்கிக் கொடுத்ததா, ஆள் தேர்வா? எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால் அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

ஸ்கேனின் பங்கை ஓரளவு சோதித்துப் பார்த்தது இங்கிலாந்தின் பிரைட்மைண்ட் ஆய்வு, 2024. மருந்து கேட்காத 255 பேர். ஒரு பக்கத்துக்கு இணைப்புகளைப் பார்த்து ஆளுக்கேற்ற புள்ளி, மறுபக்கத்துக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. வைத்துப் பொதுப் புள்ளி. தட்டும் முறையும் இரண்டுக்கும் வேறு. 26 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நன்றாக முன்னேறியது, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இல்லை.

அந்த எதிர் ஓட்டத்தை வைத்து ஒருவருக்கு எவ்வளவு கேட்கும் என்று கணிக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். டொராண்டோ பக்கத்தின் பெரிய ஆய்வு ஒன்றின் எம்.ஆர்.ஐ. படங்களை வைத்து 2023-இல் ஒரு கட்டுரை வந்தது. தொடர்பு இருந்தது, நிஜமாகவே இருந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் பலன் மாறுவதில் அது விளக்கியது ஏறத்தாழ 3 விழுக்காடுதான். மீதி 97? வேறெங்கோ. கோட்பாடு சரியாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து உங்கள் அண்ணனுக்குக் குறி சொல்ல முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது இன்னொரு திசை. ஷான் சித்திக்கியும் ஃபாக்ஸும் 2020-இல் காட்டியது: சோகம், எதிலும் ஆர்வமின்மை போன்றவை ஒரு புள்ளியில் தட்டினால் கூடுதலாகக் குறைகின்றன, பதற்றம், தூக்கமின்மை போன்றவை வேறொரு புள்ளியில். இது உறுதியானால் 'உங்களுக்குக் கேட்காது' என்று திருப்பி அனுப்புவதற்குப் பதில் 'உங்களுக்கு வேறிடத்தில் தட்டுவோம்' என்று சொல்லலாம். இன்னும் உறுதியாகவில்லை.

இரண்டாம் ஆட்டம்

இது எனக்குச் சுருக்கென்றது. எனக்குப் பதற்றம்தான் பிரதானம். என்னை ஒரு நாளும் யாரும் உங்களுக்கு எது அதிகம், சோகமா பதற்றமா என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் வைக்கிற இடத்திலேயே வைத்தார்கள்.

ஐந்தாம் வாரம்

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். எனக்கு நான்கு வாரம் வரை ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் போன் மணி அடித்தபோது எடுக்கத் தோன்றியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. பல மாதமாக நான் யார் போனையும் எடுத்ததில்லை. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறியது. இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும் என்று யாராவது இங்கே சொல்ல வந்தால் தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள்.

மனநலப் பயிற்சி

அதைச் சொல்லத்தான் வந்தேன், மாட்டிக்கொண்டேன். :)

ஆரம்பிக்கும் முன் எடுக்கும் எந்த டெஸ்ட்டையும் விட, ஆரம்பித்த பின் முதல் இரண்டு வாரத்தில் நடப்பது அதிகம் சொல்கிறது. இதில் ஆய்வுகள் ஓரளவு ஒத்துப்போகின்றன. டொராண்டோவில் 2018-இல் வந்த ஒன்றில், பத்தாவது சிட்டிங்கில் நோய் மதிப்பெண் 20 விழுக்காடுகூடக் குறையாதவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியிலும் கேட்கவில்லை. ஆனால் பெரும்பாலோர் என்றால் எல்லோரும் இல்லை. நான் மேலே சொன்ன 2010 ஆய்வில் முதல் சுற்றில் தேறாதவர்களுக்கு, போலிக் காயில் பெற்றவர்களையும் சேர்த்து, அடுத்த சுற்றில் வெளிப்படையாகவே நிஜ டி.எம்.எஸ். தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு ரெமிஷனுக்கு வந்தார்கள். ஐந்தாம் வாரம் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே பத்தாவது சிட்டிங்கில் அசைவே இல்லை என்றால் என் வாத்தியார் செய்வது நிறுத்துவது இல்லை, துருவுவது. மோட்டார் த்ரெஷோல்டு மறுபடி எடுப்பார். இடம் சரிதானா என்று அளக்கச் சொல்வார். பென்சோ அளவைப் பார்ப்பார். தைராய்டு, தூக்கத்தில் மூச்சடைப்பு, குடி, இருமுனைக் கோளாறு என்று விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று முதலிலிருந்து விசாரிப்பார். வலது பக்கம் மெதுவான தட்டு சேர்க்கலாமா என்று யோசிப்பார். இவ்வளவும் செய்தும் அசையவில்லை என்றால் அப்போது அடுத்த வழியைப் பற்றிப் பேச்சு.

இதற்கு ஒன்று கட்டாயம் வேண்டும்: வாராவாரம் எண்ணால் அளக்க வேண்டும். பி.எச்.க்யூ-9 மாதிரி ஒரு சின்னக் கேள்வித்தாள் போதும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் டிப்ரஷனில் இருப்பவர் அப்படியேதான் இருக்கிறது என்றுதான் சொல்வார். பல சமயம் முகத்தில் மாற்றத்தை முதலில் பார்ப்பது வீட்டு ஆள்கள், தனக்கே தெரிவது கடைசியில்.

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. ஈ.ஈ.ஜி. டெஸ்ட்டுக்குப் பணம் கட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தாள்புரட்டி போட்ட 48 பேர் கணக்கை அண்ணியிடம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன், அவர்களுக்கும் புரிந்தது. மருத்துவரிடம் குளோனசிபாம் பற்றியும், பதற்றம்தான் அதிகம் என்பதைப் பற்றியும், பத்தாவது சிட்டிங்கில் என்ன பார்ப்பார்கள் என்பதைப் பற்றியும், கேட்காவிட்டால் அடுத்து என்ன என்பதைப் பற்றியும் கேட்கப் போகிறேன். ஒரே பயம், தினமும் அவரை எழுப்பிக் கூட்டிப்போவது. குறைந்த நேரத்தில் முடிகிற முறை உண்டாமே, அதில் பலன் குறையுமா?

தாள்புரட்டி

குறையாது. டீட்டா பர்ஸ்ட் என்பார்கள், மூன்று நிமிடத்தில் 600 தட்டு. கனடாவில் 414 பேரிடம் பழைய 37 நிமிட முறையோடு ஒப்பிட்டு 2018-இல் லான்செட் இதழில் வந்தது. நல்ல பலன் பழைய முறையில் 47 விழுக்காடு, மூன்று நிமிட முறையில் 49. ரெமிஷன் 27, 32. இரண்டும் ஒரே தரம்தான். மருத்துவர் அந்த முறை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

காயில்பிடி

மூன்று நிமிடம் என்றால் நாற்காலியில் சரியவும் நேரம் இருக்காது, எனக்கும் நிம்மதி. தட்டுவது மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், முதல் வாரம் விசையைக் குறைவாக ஆரம்பித்து ஏற்றச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காதடைப்பான் போடாமல் உட்கார விடாதீர்கள். நடுவில் மருத்துவர் குளோனசிபாம் அளவையோ வேறு எந்த மாத்திரையையோ மாற்றினால் அன்றைக்கே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள், த்ரெஷோல்டு மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். முந்தைய ராத்திரி அண்ணன் தூங்கவே இல்லை என்றாலும் சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்ட நாளில் வலிப்பு அபாயம் கூடும், அதனால் உட்காரும் முன் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.